யூரிக் அமிலம்: குற்றவாளியா, சாட்சியா?

சென்ற ஆண்டு தை மாதம், மதுரையில் உள்ள பரிசோதனைக்கூடம் ஒன்று பண்டிகைச் சலுகை அறிவித்திருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட இரத்தப் பரிசோதனைகளுக்கு ஒரே கட்டணம். ஊருக்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்வார்கள். இருவராகப் பதிவு செய்தால் கட்டணம் மேலும் குறையும். சோழவந்தானில் நானும் என் பள்ளித் தோழர் ஒருவரும் சேர்ந்து பதிவு செய்தோம். முப்பத்து நான்கு ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவர்களும் தள்ளுபடிக்கு மயங்கத்தான் செய்கிறார்கள்.

மறுநாள் மாலை அறிக்கைகள் கைப்பேசிக்கு வந்தன. இருவர் அறிக்கையிலும் ஒரே வரி தடித்த எழுத்தில், மேல்நோக்கிய அம்புக்குறியுடன் இருந்தது. யூரிக் அமிலம், டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், எனக்கு 7.9, அவருக்கு 8.6. ஆண்களுக்கு 7 வரை இயல்பு என்று பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

தோழர் வைகைக்கு அக்கரையில், தென்கரைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் அதிகம் மகிழ்ந்தவர்களில் ஒருவர். "வயலுக்குப் போடுற யூரியாவா உடம்புல ஏறிக் கிடக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். யூரியா வேறு, யூரிக் அமிலம் வேறு என்று சொல்லிவிட்டு, படித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு இரவுகள் இணையத்தில் தேடினேன். மூன்றாம் நாள் அவரிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். ஒன்று, அவர் எட்டு ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து ஒன்று கலந்திருக்கிறது, அது யூரிக் அமிலத்தை உயர்த்தும். இரண்டு, யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் வருவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

இரண்டும் உண்மை. ஆனால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சொன்னபோது அவர் மூன்றாவதாக ஒன்றைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டார்: அந்த மாத்திரைதான் மாரடைப்புக்குக் காரணமாகப் போகிறது. அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. வைகாசியில், ஜெனகை மாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரத்தில், நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதுரைக்குக் கொண்டுசேர்த்தபோது இரத்த அழுத்தம் 190/110. இதயக் குழாய் அடைப்பில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். "நீதானப்பா சொன்ன, அந்த மாத்திரை ஆசிட்டக் கூட்டுதுன்னு" என்று மருத்துவமனைப் படுக்கையில் அவர் சொன்னதில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அந்த மாரடைப்பு, மாத்திரையை நிறுத்தியதால் மட்டுமே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் மருத்துவரும் கூறினார். அவருக்குப் புகைப்பழக்கமும் உண்டு. இருந்தாலும், தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், வாழ்க்கையில் அதைச் சொல்லவேண்டிய ஒரே இடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதன்பின் இந்தப் பொருளைப் பற்றி முறையாகப் படித்தேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால், இதில் உள்ள சிக்கல் பாதிக்கு மேல் புள்ளியியல் சிக்கல். அது எனக்குப் பழகிய நிலம்.

முதலில் இந்த அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கலாம். நம் உயிரணுக்களின் மரபுப் பொருளில் பியூரின் என்னும் சேர்மங்கள் உள்ளன. பழைய உயிரணுக்கள் அழியும்போதும், நாம் உண்ணும் இறைச்சி, மீன் போன்றவை செரிக்கும்போதும் பியூரின் சிதைந்து, இறுதியில் யூரிக் அமிலமாக மாறுகிறது. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலுக்குள்ளேயே உருவாவது. உணவிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்கே. வெளியேறுவதிலும் அதே விகிதம்தான்: மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாக, எஞ்சியது குடல் வழியாக. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், 'வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற அறிவுரையின் எல்லை விளங்கும்.

பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் யூரிகேஸ் என்றொரு நொதி உண்டு. அது யூரிக் அமிலத்தை, நீரில் எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். மனிதர்களும் வாலில்லாக் குரங்குகளும் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பரிணாமப் பாதையில் அந்த நொதியை இழந்துவிட்டோம். அந்த இழப்பு நம் முன்னோருக்கு ஏதோ நன்மை செய்திருக்க வேண்டும் என்று கருதுவோர் உண்டு. உப்புக் குறைந்த உணவை உண்ட காலத்தில் இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க அது உதவியிருக்கலாம் என்பது ஒரு கருதுகோள். ஊறுகாயும் அப்பளமும் இல்லாத காலத்து ஏற்பாடு, இன்று நமக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரத்தத்தில் இந்த அமிலம் 6.8-ஐத் தாண்டும்போது கரைந்திருக்க முடியாமல் படிகங்களாகப் பிரியும் வாய்ப்பு தோன்றுகிறது. உடலின் குளிர்ந்த ஓரங்களில், குறிப்பாகக் கால் பெருவிரல் மூட்டில், அது ஊசிபோல் படியும். போர்வை பட்டாலும் தாங்க முடியாத வலி. அதுவே கவுட் எனப்படும் கீல்வாதம். சரக சம்ஹிதை இதை ஒத்த நோயை வாதரத்தம் என்று விவரிக்கிறது. அதற்கு ஆட்யவாதம், அதாவது செல்வர்க்கு வரும் வாதம் என்ற பெயரும் உண்டு. ஐரோப்பாவிலும் இதை அரசர்களின் நோய் என்றுதான் அழைத்தார்கள். ஆல்ஃபிரட் கரோட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1848-இல், கீல்வாத நோயாளிகளின் இரத்தத்தில் இந்த அமிலம் மிகுந்திருப்பதை எளிய சோதனை ஒன்றால் காட்டினார். இதய நோயோடும் இரத்த அழுத்தத்தோடும் இதை முடிச்சுப் போடும் எண்ணமும் 19-ஆம் நூற்றாண்டிலேயே பிறந்துவிட்டது.

அந்த முடிச்சு வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு ஆய்வில் 1971 முதல் 1975 வரை சேர்க்கப்பட்டோரில் ஏறத்தாழ ஆறாயிரம் பேரை 1992 வரை தொடர்ந்து கவனித்தார்கள். யூரிக் அமிலம் ஏற ஏற, இதய இரத்தக்குழாய் நோயால் இறப்பதும் கூடியது. வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பின்னும் அந்தத் தொடர்பு எஞ்சியிருந்தது. அதன் முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஆய்வகத்திலும் இதற்கு ஆதாரங்கள் உண்டு. உயிரணுக்களுக்குள் நுழையும் யூரிக் அமிலம், இரத்தக் குழாயின் உட்சுவரைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது. அழுத்தத்தை ஏற்றும் சிறுநீரகச் சுரப்பைத் தூண்டுகிறது. இந்த அமிலத்தை உருவாக்கும் நொதியே, குழாய்களுக்குக் கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் உடன் உருவாக்குகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் தயங்க வேண்டும்? வகுப்பில் நான் சொல்லும் ஓர் உதாரணம் உண்டு. வைகையில் தண்ணீர் வரும் ஆண்டுகளில் எங்கள் ஊரில் கொசு பெருகும். நகைக்கடைகளில் வியாபாரமும் பெருகும். இரண்டையும் வரைபடத்தில் குறித்தால் அழகான நேர்கோடு கிடைக்கும். அதற்காகக் கொசு கடித்ததால்தான் மக்கள் நகை வாங்கினார்கள் என்று யாரும் சொல்வதில்லை. பின்னால் தண்ணீர் இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது. யூரிக் அமிலத்துக்குப் பின்னாலும் அப்படிப் பல தண்ணீர்கள் உண்டு. உடல் பருத்தவர்களுக்கு இது கூடுகிறது. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால் சிறுநீரகம் இந்த அமிலத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. சிறுநீரகம் பழுதுபட்டால் கூடுகிறது. மது அருந்தினால் கூடுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் கூடுகிறது. இவை ஒவ்வொன்றும் இதய நோயோடும் உறவுடையவை.

இதைவிடச் சிக்கலானது, விளைவே காரணம்போல் வேடமிடும் நிலை. இதயம் பலவீனமானால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைந்து அமிலம் தேங்கும். இதயத்துக்காகவும் இரத்த அழுத்தத்துக்காகவும் தரப்படும் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகள் அமிலத்தை ஏற்றும். இதய நோயாளிகள் அன்றாடம் விழுங்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் சிறிது ஏற்றும். ஆக, யூரிக் அமிலம் அதிகமுள்ள ஒரு கூட்டத்தைத் திரட்டினால், ஏற்கெனவே இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதில் அதிகம் இருப்பார்கள்.

இது ஊகமன்று. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948-இல் தொடங்கி நடந்துவரும் புகழ்பெற்ற இதய ஆய்வில், 6,763 பேரின் விவரங்களை வைத்து 1999-இல் இதே கேள்வியைக் கேட்டார்கள். வயதை மட்டும் கணக்கில் எடுத்தபோது ஆண்களிடம் தொடர்பு ஏதும் தெரியவில்லை, பெண்களிடம் தெரிந்தது. பிற காரணிகளையும் சேர்த்தபோது பெண்களிடமும் அது மறைந்துவிட்டது. எந்தக் காரணியைச் சேர்த்தபோது அது மறைந்தது என்று பார்த்தார்கள். சிறுநீர்ப்பெருக்கி மருந்தின் பயன்பாடு! என் தோழரின் மாத்திரையில் இருந்த அதே வகை. இந்த வரியை நான் அந்தத் தை மாதத்து இரவுகளில் படித்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

அந்த வகை மருந்தின் பலனையும் சொல்லியாக வேண்டும். அறுபது வயதைக் கடந்த 4,736 பேரிடம் நடத்தப்பட்டு 1991-இல் முடிவு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குளோர்தாலிடோன் என்னும் சிறுநீர்ப்பெருக்கியை முதல் மருந்தாகக் கொண்ட சிகிச்சை, பக்கவாதத்தை 36 விழுக்காடு குறைத்தது. யூரிக் அமிலத்தை ஏற்றும் மருந்து உயிர்களைக் காத்தது. அதே ஆய்வின் தரவுகளைப் பின்னாளில் மீண்டும் அலசியபோது, அமிலம் மிகவும் ஏறியவர்களுக்கு மாரடைப்புத் தடுப்பில் மட்டும் பலன் குறைந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் ஒரு பக்கம் மட்டும் பேசும் சான்று ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

பொருளாதாரத்தில் காரணத்தைப் பிரித்தறிய முடியாமல் தவிக்கும்போது, இயற்கையே நடத்திய குலுக்கல் ஏதாவது அகப்படுகிறதா என்று தேடுவோம். மருத்துவ ஆய்வாளர்கள் அதை மரபணுவில் கண்டுபிடித்தார்கள். சிலர் பிறக்கும்போதே யூரிக் அமிலம் சற்று அதிகமாக இருக்கும்படியான மரபணு வகையுடன் பிறக்கிறார்கள். அந்த மரபணுவைத் தருவதற்கு முன் இயற்கை அவர்களின் எடையைப் பார்ப்பதில்லை, அவர்கள் குடிப்பார்களா என்று கேட்பதில்லை. எனவே, அமிலமே இதயத்தைக் கெடுக்கிறது என்றால், அந்த வகையினருக்கு மாரடைப்பு கூடுதலாக வர வேண்டும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்து, 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ யூரிக் அமிலம் காரணம் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. மாறாக, உடல் எடையைக் கூட்டும் மரபணுக்கள் யூரிக் அமிலத்தையும் கூட்டின. இரத்த அழுத்தத்தையும் கூட்டின. கொசுவுக்கும் நகைக்கும் பின்னால் இருந்த தண்ணீர் அங்கே தெரிந்தது. பின்னர் வந்த சில மரபணு ஆய்வுகள், இரத்த அழுத்தத்தின் வழியாக யூரிக் அமிலத்துக்குச் சிறிய பங்கு இருக்கலாம் என்கின்றன. வழக்கு முழுவதுமாக மூடப்படவில்லை.

மூடாமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் இளம் வயதினர். 2008-இல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், புதிதாக இரத்த அழுத்தம் கண்டறியப்பட்ட, யூரிக் அமிலம் 6-க்கு மேல் இருந்த 30 வளரிளம் பருவத்தினருக்கு, அந்த அமிலத்தைக் குறைக்கும் அலோபூரினால் மருந்தை நான்கு வாரங்கள் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட காலத்தில் 20 பேரின் இரத்த அழுத்தம் இயல்புக்குத் திரும்பியது. வெற்று மாத்திரை சாப்பிட்ட காலத்தில் ஒருவருக்குத்தான் திரும்பியது. வியக்கவைக்கும் முடிவு. ஆனால், முப்பது பேர், நான்கு வாரம். பதினைந்து வயதுச் சிறுவனின் இளகிய இரத்தக் குழாய்க்குப் பொருந்துவது, அறுபத்தைந்து வயதில் இறுகிப்போன குழாய்க்குப் பொருந்த வேண்டியதில்லை.

என் வயதினருக்கான விடையை பிரிட்டனில் தேடினார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், அறுபது வயதுக்கு மேற்பட்ட, இதயக் குழாய் நோய் உள்ள, கீல்வாதம் இல்லாத 5,938 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையுடன் அலோபூரினாலும் தந்தார்கள். சராசரியாக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். 2022-இல் லான்செட் இதழில் வெளியான முடிவு இது: மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தவர்கள், மருந்து சாப்பிட்ட பிரிவில் 11 விழுக்காடு, சாப்பிடாத பிரிவில் 11.3 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே பொருள். யூரிக் அமிலம் அதிகமாக இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து நடத்திய ஆய்வன்று அது என்ற குறைபாடு சுட்டிக்காட்டப்படுகிறது. அது நியாயமான குறைபாடுதான். இருப்பினும், எண்ணைக் குறைத்தால் இதயம் தப்பும் என்ற எளிய நம்பிக்கைக்கு அந்த ஆய்வு பெரிய அடி.

ஆகவே, மூட்டுவலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாமல், அறிக்கையில் எண் மட்டும் கூடியிருப்பவர்களுக்கு மாத்திரை தேவையா? அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவாக வேண்டாம் என்கிறது. அமிலம் 9-ஐத் தாண்டியவர்களில்கூட ஐந்து ஆண்டுகளுக்குள் கீல்வாதம் வந்தவர்கள் ஐந்தில் ஒருவரே என்பது அவர்கள் காட்டும் கணக்கு. ஜப்பானிய மருத்துவர்கள் இதில் மாறுபடுகிறார்கள். 8-ஐத் தாண்டி, உடன் சிறுநீரகக் கோளாறோ இரத்த அழுத்தமோ இருந்தால் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறார்கள். நம் ஊரில் நடப்பது இந்த இரண்டிலும் அடங்காது. அறிக்கையை மருந்துக்கடையில் காட்டி, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இவை பயமின்றி விழுங்கும் மிட்டாய்கள் அல்ல. அலோபூரினால் மிகச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். அதற்கு மாற்றாக வந்த ஃபெபுக்சோஸ்டாட் மருந்தை எடுத்தவர்களிடம் இதய நோய் மரணம் சற்றுக் கூடுதலாக இருந்ததாக 2018-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு கூறியது. மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அதற்குக் கடும் எச்சரிக்கை வாசகம் சேர்த்தது. 2020-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை என்பதும் உண்மை. இதயத்தைக் காக்க என்று தாமாக விழுங்கும் மாத்திரை, இதயத்துக்கே கேள்விக்குறியான கதை இது.

கீல்வாதம் வந்துவிட்டவர்களின் நிலை முற்றிலும் வேறு. அவர்களுக்குச் சிகிச்சை கட்டாயம் தேவை. நம் பகுதியில் அது சரியாகக் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம். நடவு வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர்கள் வீங்கிய காலுடன் வலி மாத்திரை வாங்கி விழுங்கி, மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். செல்வர்க்கு வரும் வாதம் என்ற பழைய பெயர் பொருளிழந்து வெகுநாளாயிற்று. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும், மாரடைப்பு வாய்ப்பும் கூடும். கீல்வாதம் கிளர்ந்தெழும் நாள்களே இதயத்துக்கு ஆபத்தானவை என்றும் இப்போது தெரிகிறது. பிரிட்டனில் 62 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கீல்வாத நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களிடம் அதற்கு முந்தைய அறுபது நாள்களுக்குள் மூட்டுவலி கிளர்ந்திருப்பதற்கான வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இங்கே குற்றம் அமிலத்தின் அளவைவிட, படிகங்கள் மூட்டும் அழற்சியின் மீது விழுகிறது.

அழற்சி என்றதும் நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர முடியவில்லை. கீல்வாத வலியைத் தணிக்கப் பழங்காலம் தொட்டுப் பயன்பட்டுவரும் கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருள், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் அதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிட்டு, விதையை ஏற்றுமதிக்கு விற்கிறார்கள். அதே மருந்தை மிகக் குறைந்த அளவில் மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், மீண்டும் இதயப் பாதிப்பு வருவது 7.1 விழுக்காட்டிலிருந்து 5.5 விழுக்காடாகக் குறைந்தது. 2023-இல் அமெரிக்கா அதை இதய நோய்க்கும் அனுமதித்தது. ஆனால், 2024-இல் ஏழாயிரம் பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டுக் கிழங்கைத் தேடி யாரும் போக வேண்டாம். அந்தச் செடியின் ஒவ்வொரு பகுதியும் நஞ்சு. மருந்துக்கும் மரணத்துக்கும் இடையே உள்ள அளவு அதில் மிகக் குறுகியது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். அறிக்கை வந்த மறுநாளே என் வீட்டில் துவரம்பருப்பு, கீரை, தக்காளி, காலிஃபிளவர் ஆகியவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. சாம்பார் இல்லாத நான்கு மாதங்கள். பிறகுதான் 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்ததில், இறைச்சியும் கடல் உணவும் கீல்வாத வாய்ப்பைக் கூட்டின. பியூரின் நிறைந்த காய்கறிகளும் பருப்புகளும் கூட்டவில்லை. கொழுப்பு நீக்கிய பால் பொருள்கள் குறைத்தன. மதுரைக்காரர்கள் யோசிக்க வேண்டியது ஈரல், சுவரொட்டி, குடல், நெத்தி, மத்தி இவற்றைத்தான். அதைவிட அதிகம் யோசிக்க வேண்டியது மதுவையும், கண்ணுக்குத் தெரியாத சர்க்கரையையும். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது கல்லீரலில் உடையும்போது பக்கவிளைவாக யூரிக் அமிலம் பிறக்கிறது. நாளுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ இனிப்புக் குளிர்பானம் அருந்திய ஆண்களுக்கு, மாதம் ஒருமுறைகூட அருந்தாதவர்களைவிடக் கீல்வாத வாய்ப்பு 85 விழுக்காடு அதிகம் என்கிறது 2008-ஆம் ஆண்டு ஆய்வு. வாயில் புளிக்கும் தக்காளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, தித்திக்கும் பாட்டிலை விருந்தாளிக்கு நீட்டுகிறோம்.

அப்படியானால் அறிக்கையில் வரும் அந்த அம்புக்குறிக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. குற்றவாளி என்று நிரூபிக்கப்படாத ஒருவர், நல்ல சாட்சியாக இருக்கலாம். யூரிக் அமிலம் கூடியிருந்தால் உடலில் வேறு ஏதோ நடக்கிறது என்று அது கை காட்டுகிறது. இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றால் அறிய வேண்டும். இடுப்புச் சுற்றளவைப் பார்க்க வேண்டும். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்த நோய், 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். இவை இரண்டும் இதயத்தைக் கெடுக்கும் என்பதில் எந்த ஆய்வாளருக்கும் ஐயமில்லை. இவற்றைக் குறைத்தால் உயிர் பிழைக்கலாம் என்பதும் நிரூபணமானது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவற்றுக்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இலவசமாக வருவதை மேசைமேல் வைத்துவிட்டு, நிரூபணமாகாத ஒன்றைக் காசு கொடுத்துத் துரத்துவது, ஒரு பொருளாதார ஆசிரியனுக்கு மிகவும் வலிக்கிறது.

எழுபது பரிசோதனைத் தொகுப்புகளைப் பற்றிய என் குறையும் இதுவே. இயல்பான மனிதர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் எல்லைக்கு வெளியே விழும்படியாகத்தான் பல பரிசோதனைகளின் 'இயல்பு எல்லை' வகுக்கப்பட்டிருக்கிறது. எழுபது சோதனை செய்தால் முழு ஆரோக்கியமுள்ளவருக்கும் மூன்று நான்கு தடித்த எழுத்து வரிகள் வருவது கணக்குப்படியே எதிர்பார்க்க வேண்டியது. அந்த வரிகளை விளக்க ஒரு மருத்துவரின் பத்து நிமிடங்கள் தொகுப்பில் சேர்க்கப்படுவதில்லை. அந்த வெற்றிடத்தை என்னைப்போன்ற ஓய்வுபெற்றவர்கள் நிரப்புகிறோம். அறிக்கை தருபவர்கள், 'எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்' என்ற ஒரு வரியைத் தமிழில் அச்சிடும்படி அரசு கட்டாயமாக்கலாம். அதற்குச் செலவாவது மைதான்.

தோழருக்கு மருத்துவர்கள் இரத்த அழுத்த மருந்தை மாற்றித் தந்திருக்கிறார்கள். அதில் லோசார்டான் இருக்கிறது. அது யூரிக் அமிலத்தையும் சற்றுக் குறைக்கும் இயல்புடையது. அப்படி ஒரு மாற்று இருந்தது, ஒரு முறை மருத்துவரைக் கேட்டிருந்தால் அதைத் தையிலேயே தந்திருப்பார்கள். அவர் பீடியை விட்டுவிட்டார். கொடிக்காலில் ஏணி ஏறுவதை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். யூரிக் அமிலம் இப்போது 7.4. அதை அவர் பொருட்படுத்துவதில்லை.

இந்தத் தையிலும் அதே விளம்பரம் வந்தது. நாங்கள் பதிவு செய்யவில்லை. அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போய் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறோம். சென்ற வாரம் அவருக்கு 132/84. எனக்கு 148/92. செவிலியர் எண்ணைச் சொன்னதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "வாத்தியாரே, காலையில மாத்திரை போட்டியா இல்லையா?" என்று கேட்டார். போடவில்லை.